சத்தம் போடாத ஜெபம்

என் வாயை அடைத்துவிட்டு என் ஜெபத்தைக் கேட்ட தேவனுக்கு நன்றி. சபையார் படிக்கிற பத்திரிகை என்பதற்காக இதை நான் இனிப்பாக எழுதப் போவதில்லை.

போன வருடம் ஆடி மாதம் என் குரல் போனது. கருமத்தம்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணித ஆசிரியை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் விசைத்தறி ஓட்டி என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தார்கள். அம்மா இன்னும் ஓட்டுகிறாள். நான் பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அதில் எனக்குக் கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, சில வாரங்களுக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

பள்ளித் தாளாளர் லீவு தரவில்லை.

"ஏனுங்க மிஸ், போர்டுல எழுதிப் போடறதுக்கு வாய் எதுக்குங்க? கை இருக்குதில்லீங்க? காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கறனுங்க. அப்பவும் கிளாஸ் சந்தைக்கடையாட்ட இருந்துச்சுன்னா வேற டீச்சரப் பாத்துக்கறனுங்க."

மரியாதையைப் பாருங்கள். ஆளை வெளியே தள்ளும்போதும் 'ங்க' குறையாது.

ஆறாம் வகுப்பு சந்தைக்கடையாகத்தான் ஆனது. நான் பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ரகளை. முதலில் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். பிறகு அந்தப் பயமும் போனது. அதுதான் மோசம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே குமட்டியது. அந்தக் கணக்குதான் என்னைத் தறியிலிருந்து வெளியே கொண்டு வந்தது. "ஏங் கண்ணு, எந்திரிச்சு ஒரு வாய் தின்னுபோட்டாவது படுத்துக்க" என்பாள் அம்மா. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வேலையை விட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

உற்சாகம் ஊட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கும் ஒருவர் வந்தார். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, ஆசிரியர்களை எழுப்பி நிறுத்தி, "நான் ஒரு சிங்கம்" என்று கத்தச் சொன்னார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"மேடம், நெகட்டிவா இருக்காதீங்க. உள்ள இருக்கிற சிங்கத்தை வெளிய விடுங்க."

"அவங்க சிங்கத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க சார்" என்றாள் பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியை. எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதற்கும் கைதட்டச் சொன்னார். எந்தக் காட்டில் எந்தச் சிங்கம் எழுந்து நின்று நான் சிங்கம் என்று கத்துகிறது? இதற்கு மாலையும் சால்வையும் வேறு.

சபையிலாவது விட்டார்களா? ஜெபக்குழுவை நடத்தும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதைப் படிப்பார், படிக்கட்டும். "வாயத் தொறந்து ஸ்தோத்திரம் சொல்லாட்டி எப்படி அம்மணி விடுதலை வரும்? டாக்டர் பேச்சக் கேக்கற, கர்த்தர் பேச்சக் கேக்க மாட்டீங்கற. விசுவாசம் பத்தாது உனக்கு." சத்தத்தை விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் மேல் எனக்கு இரக்கம்கூட வருவதில்லை. தேவனுக்குக் காது மந்தம் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஆனால் என்னிடமும் ஜெபம் இல்லை என்பது உண்மை.

ஒரு மாலை, பள்ளி முடிந்து தறிக்கூடத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். தறிகளுக்கு அந்தப் பக்கம் நின்றபடி அம்மா உதட்டை மட்டும் அசைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நானும் உதட்டாலேயே இல்லை என்றேன். உதட்டாலேயே திட்டு விழுந்தது. அந்த இரைச்சலில் யாரும் குரலால் பேசுவதில்லை. உதடும் கையும்தான் பேச்சு. முதலாளி வந்தால், இல்லாத தொந்தியைத் தடவிக் காட்டுவார்கள். பேசப் பழகிய வயதிலேயே நான் இதையும் பழகியவள்.

வேதத்தில் பிள்ளையில்லாத ஒரு பெண் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆலயத்து ஆசாரியன் அவளைக் கடிந்துகொள்கிறான். தேவனோ அவளுக்குப் பதில் கொடுக்கிறார். ஞாயிறு பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. தறிக்கூட வாசலிலேயே கண்ணை மூடி உதட்டை அசைத்தேன். "ஆண்டவரே, குரலைக் கேட்கவில்லை. நாளைக்கு அந்த வகுப்புக்குள் போக எனக்கு ஆசையைக் கொடும்."

கண்ணைத் திறந்தால் அம்மா அதையும் படித்துவிட்டிருந்தாள். தன் காதைத் தொட்டாள், பிறகு நெஞ்சைத் தொட்டாள். தறிக்கூடத்தில் அதற்குக் கேட்டுவிட்டது என்று பொருள்.

மறுநாளும் அதே ரகளை. அந்த வகுப்பில் பாதிப் பேர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். திடீரென்று மூன்றாவது பெஞ்சில் கௌசல்யா, அவள் அப்பாவும் தறி ஓட்டுகிறவர்தான், ஜன்னலைப் பார்த்துவிட்டு வகுப்பைப் பார்த்துத் தொந்தியைத் தடவினாள். தாளாளர் வருகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த, சத்தமில்லாத சிரிப்பு. நானும் தொந்தியைத் தடவிக் காட்டி, எல்லாரும் உட்காருங்கள் என்று கையை இறக்கினேன்.

"மிஸ்ஸுக்குத் தறிப்பேச்சு தெரியும்டி" என்றாள் கௌசல்யா.

தாளாளர் எட்டிப் பார்த்தபோது வகுப்பு மூச்சுவிடவில்லை. அன்று பின்னக் கணக்கை உதட்டாலும் விரலாலும் நடத்தினேன். கண்ணை எடுத்தால் பாடம் போய்விடும், அதனால் ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த நாளுக்கு எதை எப்படிக் காட்டுவது என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே விரலை மடக்கி யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அம்மா எழுப்பவில்லை. நானே எழுந்து, கேட்டுத் தின்றேன்.

காலாண்டுப் பரீட்சையில் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். தாளாளர் கூப்பிட்டார். "நாந்தான் அன்னிக்கே சொன்னனில்லீங்க மிஸ், கை இருந்தாப் போதும்னு?" இவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சூரியன் உதிக்கிறது.

ஐப்பசியில் குரல் திரும்பியது. அதை அற்புதம் என்று சபையில் அறிவிக்கச் சொன்னார் ஜெபக்குழு அக்கா. மாட்டேன் என்றேன். டாக்டர் சொன்னபடி வாயை மூடியிருந்தேன், தேவன் ஆற்றினார், அதற்கும் நன்றி. ஆனால் நான் கேட்டது அதையல்ல. குமட்டிய புத்தகத்தைப் பசியோடு திறந்தேனே, அதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

என் ஏளனத்தைக் கர்த்தர் இன்னும் எடுத்துப்போடவில்லை. எடுப்பார், அவசரம் இல்லை. மனம் செத்துக் கிடக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிங்கம் என்று கத்தாதீர்கள், கத்தச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். நிற்கிற இடத்திலேயே, நாளைக்கு வேண்டியதை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

இப்போதும் ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் உரக்க ஜெபிக்கும்போது நான் உதட்டை மட்டும் அசைக்கிறேன். அக்கா திரும்பி முறைப்பார். அவருக்குப் பின்வரிசையிலிருந்து அம்மாவும் திரும்பி, காதைத் தொட்டு, நெஞ்சைத் தொடுவாள்.