கஸ்பார் போட்ட ஓட்டு

இருபத்து மூன்று வயதில் ரோச்சுக்கு முதல் தடவையாக ஒரு மனிதர்மேல் நம்பிக்கை வந்தது. அதுவும் ஒரு வக்கீல்மேல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் குறைவு. ஏறி இறங்கியவர்களில் வக்கீலை வாழ்த்தியவர்கள் அதைவிடக் குறைவு.

ரோச் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். பாளம் பாளமாக வரும் ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து, கட்டையால் உடைத்து, மீன்பெட்டிக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். விரல் நுனிகள் எந்நேரமும் மரத்துக் கிடக்கும். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அண்ணன் கஸ்பார்தான் வளர்த்தான். அண்ணனுக்குக் கலியாணமாகி பிளாரன்ஸ் மைனி வந்த பிறகுதான் அந்த வீட்டில் வேளைக்குச் சோறு என்று ஒன்று இருப்பதே ரோச்சுக்குத் தெரிந்தது.

கஸ்பார் கொழும்புக்குப் போய்வரும் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தவன். வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது பிளாரன்ஸுக்கு ஒரு கொழும்பு சோப்பாவது கொண்டுவராமல் இருக்க மாட்டான். எமர்ஜென்சி காலத்தில், ஒரு நவம்பர் மாதப் புயலில் அந்தத் தோணி காணாமல் போனது. ஏழு பேர் அதில் போனார்கள். ஒருவனும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

ஆள் போன துக்கம் ஒரு பக்கம் என்றால், சர்க்காரின் சட்டம் இன்னொரு பக்கம். உடல் கிடைக்காதவன் இறந்தவன் ஆக மாட்டானாம். ஏழு வருடம் பொறுக்க வேண்டுமாம். அதுவரை இறப்புச் சர்டிபிகேட் கிடையாது. அது இல்லாமல் தோணி முதலாளியும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார், சர்க்கார் உதவியும் வராது. பிளாரன்ஸ் தாலியைக் கழற்றவும் முடியாமல், கட்டிக்கொண்டு நடக்கவும் முடியாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வலை பின்னினாள்.

அந்தச் சமயத்தில்தான் எமர்ஜென்சி முடிந்து சட்டசபைத் தேர்தல் வந்தது. நாசரேத்துக்காரர், வாத்தியார் மகன், வக்கீல் கிருபாநிதி ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்தார். பிளாரன்ஸ் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவை மற்ற வேட்பாளர்கள் உதட்டில் தொட்டு வைத்தது போல வைக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ரோச் அதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு சந்தேகப் பிராணி.

"ஏழு வருஷம்னு எழுதினவன் கடலைப் பாத்திருக்க மாட்டாம்மா. நான் ஜெயிச்சா தனியா விசாரணை வைக்கச் சொல்லி, ஏழு வீட்டுக்கும் சர்டிபிகேட் வாங்கித் தாரேன். நீங்க இனும காத்துக் கெடக்க வேண்டாம்" என்றார். சின்ன நோட்டை எடுத்து ஏழு பேரையும் எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் எல்லாம் "கவலைப்படாத தாயி, வந்துருவான்" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனவர்கள். போனவனைப் போனவன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இவர் ஒருவர்தான். பிளாரன்ஸ் அழுதாள். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். ரோச் அங்கேயே அவரிடம் விழுந்துவிட்டான். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போஸ்டர் ஒட்டக் கிளம்பினான்.

"ஐஸ் கம்பெனியில இவ்வளவு சுறுசுறுப்பாப் போயிருந்தா உனக்குச் சம்பளமாவது கூட்டிருப்பான்" என்று பிளாரன்ஸ் கேலி செய்தாள். அவள் கேலி செய்து அவன் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதற்காகவே இன்னும் பத்து வாளி பசை தூக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. ரோச் காலையிலேயே தன் ஓட்டைப் போட்டுவிட்டான். மத்தியானம் மூன்று மணி வாக்கில், கிருபாநிதியின் கட்சிப் பந்தலில் உட்கார்ந்திருந்த பலசரக்குக் கடைச் செல்லக்கனி அண்ணாச்சி வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஏலே ரோச்சு, உங்கண்ணன் பேரு இங்கன அப்படியே கெடக்கு பாரு. சும்மா போவணுமா? அங்கன அவனுவ செத்தவன், சிங்கப்பூர் போனவன் எல்லாத்தையும் போட்டுட்டு வாரானுவ."

"அது தப்புலா அண்ணாச்சி?"

"ஒரு ஓட்டும் வீணாவக் கூடாதுன்னு காலையில வக்கீலு சொன்னது உன் காதுல விழலியா?"

ஒரு டீ குடிக்கும் நேரம் ரோச் யோசித்தான். அந்தச் சர்டிபிகேட் யாருக்கு? கஸ்பாருக்கு. வாங்கித் தருகிறேன் என்றவர் யார்? கிருபாநிதி. அப்படியானால் அண்ணன் இருந்தால் யாருக்குப் போட்டிருப்பான்? உண்மையில் கஸ்பார் ஆயுசு முழுவதும் எதிர்க்கட்சிக்காரன். அதை மட்டும் ரோச் அந்த நேரத்தில் நினைக்காமல் விட்டுவிட்டான். பப்பாளிப் பாலையும் மண்ணையும் போட்டு விரல் சிவக்கத் தேய்த்து, மையைப் போக்கிவிட்டு வரிசையில் நின்றான்.

உள்ளே இருந்தவர் வெளியூர் வாத்தியார். சீட்டைப் பார்த்து, ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி சத்தமாக "கஸ்பார்" என்று வாசித்தார்.

வீட்டில் யாரும் ஆறு மாதமாக அந்தப் பெயரைச் சத்தம்போட்டுச் சொன்னதில்லை. ரோச் மேஜைப் பக்கம் ஓரடி வைத்தான். பிறகு, "இருக்கேன் சார்" என்றான். அண்ணனைப் போலவே கையெழுத்தும் போட்டான். எதிர்க்கட்சி ஏஜெண்டுக்கு அவனைத் தெரியும். அவரும் ஆட்சேபிக்கவில்லை, அவர் பக்கத்துக் கள்ள ஓட்டுக் கணக்கு அவருக்கு இருந்தது.

கிருபாநிதி நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். வெடி போட்டார்கள், மாலை போட்டார்கள். தோற்றவர், கள்ள ஓட்டில் ஜெயித்துவிட்டான் என்று நேராகக் கோர்ட்டுக்குப் போனார்.

தேர்தல் முடிந்து ரோச் கிருபாநிதியைப் பார்க்கப் போனபோது வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். "அந்த ஏழு பேரு பேரும் என்ன தம்பி? மறுபடி ஒரு தடவ சொல்லு" என்றார் அவர். ரோச்சுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அந்த நோட்டு என்ன ஆனது? திரும்பி வரும் வழியெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டு வந்தான். ஏமாந்துவிட்டோமோ, இவரும் அவர்களில் ஒருவர்தானோ?

ஆனால் பொய் சொல்லக்கூடாது, மனிதர் வேலையைச் செய்தார். ஆகஸ்டிலேயே விசாரணைக்கு உத்தரவு வந்துவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து வருவாய் ஆய்வாளர் அருமைநாயகம் ஒவ்வொரு வீடாக வந்து எழுதிக்கொண்டு போனார். ரோச் தன் சந்தேகத்துக்காக வெட்கப்பட்டான். பிளாரன்ஸும் மனதைத் தேற்றிக்கொண்டாள். அக்டோபர் முதல் வாரத்தில் தாலியைக் கழற்றிக் கொழும்பு சோப்பு டப்பாவில் வைத்தாள். கோயிலுக்குப் போய், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கும் இறந்தவர் பட்டியலில் கஸ்பார் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

அந்த மாதம் இருபத்து நான்காம் தேதி ஆறு வீட்டுக்குச் சர்டிபிகேட் வந்தது. ஏழாவது வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.

ரோச் வேலை முடிந்து வந்தபோது வீடு கழுவியிருந்தது. மீன்குழம்பு மணத்தது. பிளாரன்ஸ் குளித்து, நீலச் சேலை கட்டி நின்றாள். அவள்மேல் கொழும்பு சோப்பு வாசம் வீசியது. கழுத்தில் தாலி இருந்தது.

"உங்கண்ணன் உசுரோட இருக்காவ ரோச்சு" என்றாள்.

கடிதத்தை அவன் கையில் கொடுத்தாள். மேற்படி கஸ்பார் என்பவர் கடந்த ஜூன் மாதத் தேர்தலில் நேரில் வந்து கையொப்பமிட்டு வாக்களித்திருப்பது பட்டியலில் காணப்படுவதால், அவர் இறந்ததாகக் கொள்ள இயலாது என்று எழுதியிருந்தது. தேர்தல் வழக்குக்காக எடுத்து வைத்திருந்த பட்டியலை அருமைநாயகம் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். கடமை தவறாத மனிதர், யாரைக் குறை சொல்வது?

"எனக்கு அப்பமே தெரியும்லே. தோணியில ஏதோ கள்ளச் சரக்கு இருந்திருக்கு. கஸ்டம்ஸுக்குப் பயந்துதான் எங்கனயோ ஒளிஞ்சிருக்காவ. ஓட்டுப் போட வந்தவுக இந்தத் தெருமுனையில நின்னு வீட்டப் பாக்காமலா போயிருப்பாவ? நாந்தான் அன்னைக்கு வலையும் கையுமாக் குனிஞ்சு கெடந்துட்டேன்."

ரோச் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "ஆமா மைனி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அந்தக் குழம்பைப் போல ருசியான குழம்பை அவன் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு வாயும் நெஞ்சில் நின்றது.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போய்ப் பட்டியலிலிருந்து கஸ்பார் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள். மாதாவுக்கு நன்றியாக ஒன்பது நாள் நவநாள் செபத்தைக் கடிதம் வந்த அன்றைக்கே தொடங்கியிருந்தாள். ஒன்பதாம் நாள் அவன் வந்துவிடுவான் என்று தெருவெல்லாம் சொன்னாள். சர்டிபிகேட் வாங்கிய ஆறு வீட்டுப் பெண்களும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

ரோச் நான்கு நாள் தாங்கினான். ஐந்தாம் நாள் ஐஸ் கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனான். கிருபாநிதி முழுவதையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் இல்ல சார். நான் தாலுகா ஆபீசுல போயி, போட்டது நாந்தான்னு எழுதிக் குடுத்துருதேன். என்னைய ஜெயில்ல போட்டாலும் பரவால்ல. எங்க மைனி..."

"உன்னைய மட்டுமா போடுவான்? நூத்திப் பன்னெண்டு ஓட்டுதான் தம்பி வித்தியாசம். நீ ஒருத்தன் ஒத்துக்கிட்டா அவன் கேஸு ஜெயிச்சுரும். கேஸு முடியட்டும், ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அப்புறம் உங்க மைனி விஷயத்த நானே பாக்கேன்."

"நீங்கதான சார் ஒரு ஓட்டும் வீணாவக் கூடாதுன்னு..."

"செத்தவன் ஓட்ட உன்னையப் போடச் சொன்னேனாடே?"

அவர் அப்படிச் சொல்லவில்லைதான். கிருபாநிதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தணிந்த குரலில், "ஏழு வீட்டுல ஆறுக்கு வாங்கித் தந்துட்டேம்லா?" என்றார். அதுவும் உண்மை. அவர் கண் கலங்கியிருந்ததும் உண்மை. இவர் நல்லவரா, கெட்டவரா என்று ரோச் அன்றைக்கும் கேட்டுக்கொண்டான், அதற்குப் பிறகு பல வருடமும் கேட்டுக்கொண்டான். கெட்டவர் என்று முடிவாகியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் முதல் தேதி சாயங்காலம் நவநாள் முடிந்தது. பிளாரன்ஸ் மெழுகுதிரியை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மூன்று தட்டு எடுத்துக் கழுவினாள். மூன்றாவது தட்டைப் பார்த்ததும் ரோச்சுக்கு அதற்குமேல் முடியவில்லை. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"மைனி, அன்னைக்கு அண்ணன் வரல. அண்ணன் ஓட்ட நாந்தான் போட்டேன். அண்ணன் கையெழுத்தையும் நாந்தான் போட்டேன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் மூன்று தட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். "எந்த விரல்ல மை வச்சாவ?" என்று கேட்டாள். அவன் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினான். அவள் அதை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை, ஐஸில் வெளுத்த தோல்தான் இருந்தது.

"நான் நாளைக்கே தாலுகா ஆபீசுல போயி எல்லாத்தையும் சொல்லிருதேன் மைனி."

"வேண்டாம். நீயும் உள்ள போயிட்டா எனக்கு யாருலே இருக்கா?" சொல்லிக்கொண்டே தாலியைக் கழற்றி சோப்பு டப்பாவில் வைத்தாள். சோப்புதான் அந்த ஒன்பது நாளில் தீர்ந்து போயிருந்தது. டப்பாவை மூடிவிட்டு, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "ஒம்பது நாளு உசுரோட இருந்தாவ ரோச்சு."

ரோச் கோயிலுக்கு ஓடினான். பட்டியல் எழுதி முடிந்துவிட்டது என்றார்கள். கெஞ்சிக் கேட்டு, கடைசி வரியில் பென்சிலால் எழுத வைத்தான்.

மறுநாள் கல்லறைத் திருநாள் பூசைக்கு எம்.எல்.ஏ. பெரிய மலர் வளையம் அனுப்பியிருந்தார். தோணியில் போனவர்களின் பெயர்களைப் பட்டு நாடாவில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது. ரோச் விரல் விட்டு எண்ணினான். ஆறு பெயர்கள் இருந்தன. அவர் அன்றைக்குக் கண் கலங்கியது எதற்கு என்று அவனுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

சாமியார் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் சனங்கள் செபம் சொன்னார்கள். கடைசியில் அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், பென்சில் எழுத்தைத் தடுமாறிப் படித்தார்.

"கஸ்பார்."

ரோச்சுக்கு ஓட்டுச்சாவடி ஞாபகம் வந்தது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பிளாரன்ஸ் மட்டும், பெயரைக் கேட்டதும் சட்டென்று திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள்.