அப்பாவின் இறுக்குச் சொக்ஸ்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பாவின் இடது கெண்டைக்காலுக்குள் சாவு குடியிருப்பதாகவும், அதை மேலே ஏறவிடாமல் ஒரு சோடி சொக்ஸ் காவல் காப்பதாகவும் நம்பினேன். இதை எனக்குச் சொன்னவர் டொக்டர் அல்ல, மாமா. எனக்குச் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அவர் அம்மாவுக்குச் சொன்னார். நான் சோபாவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி, ரக்சி ஓட்டினார். தன் காரில் ஏறி இறங்கிய டொக்டர்மார், லோயர்மார் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் கேட்டு எல்லாத் துறையிலும் தேறியவர். எங்கள் வீட்டில் யாருக்காவது தடிமன் வந்தால்கூட அதைவிட மோசமான ஒரு கதை அவரிடம் இருக்கும். அன்றும் இருந்தது.

“உந்த இரத்தக்கட்டி காலுக்குள்ளை கிடக்குமட்டும் பிரச்சினை இல்லை அக்கா. நெஞ்சுக்கு ஏறிச்செண்டால் முடிஞ்சுது. இஞ்சை ரெக்ஸ்டேலிலை ஒருத்தர், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர், அப்பிடியே சரிஞ்சு போனார். கோப்பையைக்கூடக் கீழை வைக்கேல்லை.”

அந்தக் கோப்பைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அப்பா தேநீர் குடிக்கும் போதெல்லாம், அவர் கோப்பையை மேசையில் வைக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர். அங்கே வந்து பாஸ்தா சாப்பிட்டு இத்தாலியைப் புகழ்ந்துவிட்டுப் போனவர்களுக்கு, குசினிக்குள் நின்றவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் என்பது தெரியாது. காலையிலிருந்து கடை பூட்டும்வரை நின்றபடியேதான் வேலை. ஒருநாள் இடது கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினார். வீக்கம் வற்றாமல் கால் சிவந்து சூடேறியபோது, அம்மா அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருந்தது. குளிசை கொடுத்து, சில கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். திரும்ப வேலைக்குப் போகும்போது பகல் முழுக்கப் போடும்படி இறுக்குச் சொக்ஸ் வாங்கச் சொன்னார்கள். அம்மா இரண்டு சோடி வாங்கிவந்தார், ஒன்று கழுவ, ஒன்று போட. முழங்கால் வரை ஏறும். பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று எழுதியிருந்தது. அது யாருடைய தோல் என்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை.

குளிசையை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. அது வாய்க்குள் போய் மறைந்துவிடும். சொக்ஸைக் கண்ணால் பார்க்கலாம், பிடித்து இழுத்துப் பார்க்கலாம், எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். எது உயிரைக் காக்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அதைப் போடுவது ஒரு பெரிய வேலை. கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். அப்பாவுக்கு வயிறு கொஞ்சம் முன்னுக்கு, முதுகும் வளையாது. அம்மா கட்டிலருகே முக்காலியைப் போட்டு இருந்துகொண்டு, அவருடைய குதிக்காலைத் தூக்கித் தன் மடியில் வைப்பார். காலுக்குப் பவுடர் பூசுவார். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறையைப் போட்டு, சொக்ஸைக் குதிவரை மறுபக்கம் புரட்டி, விரல்களை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவார். “காலை ஆட்டாதையுங்கோ” என்று ஏசுவதும் அதில் ஒரு பகுதி. அப்பா மேலே பார்த்தபடி கிடப்பார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்ப்பேன். அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு அம்மாவுக்குப் பேக்கரியில் ஷிஃப்ற் மாறியது. விடியமுன்னம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சொக்ஸ் வேலை என் தலையில் விழுந்தது. அம்மா தன் காலையே நீட்டி எனக்குப் பழக்கினார். கையுறை எனக்குப் பெரிது. விரல் நுனிகள் வெறுமையாக ஆடின. சுருக்கு விழக்கூடாது, விழுந்தால் அந்த இடத்தில் இரத்தம் தடைப்படும் என்று அம்மா சொன்னதும் அதைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினேன். ஒருவழியாகப் பழகிவிட்டேன். அன்று படுக்கும்போது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்பாவின் உயிர் இனி என் கையில்.

காலையில் நான் எழும்பிப் போனபோது அப்பா ஏற்கெனவே உடுத்துக்கொண்டு குசினியில் நின்றார்.

“நானே போட்டிட்டன் பிள்ளை” என்றார்.

அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும். களிசான் நீளம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தால், அவர் சப்பாத்தைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். முதுகு வளையாத மனிதருக்கு எப்படி முடிந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அப்பா பொய் சொல்லுவார் என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மார்ச் மாத விடுமுறை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அன்ரி எங்கள் சோபாவில் இருந்து ரீவியையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே நித்திரையாகிவிட்டார். நான் குளியலறைக்குப் போனேன். திரை தொங்கும் கம்பியில் சொக்ஸ் கிடந்தது. இரண்டு சோடியும். தொட்டுப் பார்த்தேன், காய்ந்து விறைத்துப் போயிருந்தது. பல நாளாக அதை யாரும் தொடவில்லை.

அப்பாவின் போனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். குசினியில் நிற்கும்போது அவர் போன் எடுப்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று அது ஞாபகம் வரவில்லை. ரெக்ஸ்டேல்காரர்தான் ஞாபகம் வந்தார். அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை, பேக்கரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அன்ரியை எழுப்பலாம். எழுப்பினால் என்னைப் போகவிடமாட்டார்.

பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு சோடி சொக்ஸையும் கையுறையையும் பவுடர் பேணியையும் உள்ளே போட்டேன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. ஏறியவர்கள் எல்லோரும் ஆறுதலாக ஏறினார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து அந்த உணவகத்துக்கு நடக்கிற தூரம்தான். ஆனால் நான் தனியாக ஒருநாளும் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. தண்டவாளத்தில் ஒரு ஸ்ரீட்கார் மணியடித்துக்கொண்டு என் மூக்குக்கு முன்னால் போனது. அது போய் முடியவும் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் பகுதியில் அம்புலன்ஸ் ஓடாத நாள் கிடையாது. ஆனால் இது நான் போகும் திசைக்கே போனது. நான் ஓடினேன். “அப்பா, இருங்கோ, நான் வாறன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். தெருவில் போனவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

உணவகத்தின் பின்கதவில் அம்புலன்ஸ் இல்லை. அது வேறெங்கோ வேறு யாருக்கோ போயிருந்தது. எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது. கதவடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணைக்கு என்னைத் தெரியும். அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“அப்பா எங்கை?”

“உவர் சாமான் எடுக்கக் கீழை போனவர். போய்க் கனநேரம். இன்னும் மேலை வரேல்லை.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நிலவறைக்கு இறங்கும் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே, தக்காளிப் பேணிகள் அடுக்கியிருந்த இடத்தில், அப்பா ஒரு பெட்டியில் சரிந்து இருந்தார். சப்பாத்துகளைக் கழற்றியிருந்தார். இடது கால் மாவு மூட்டையின் மேல் நீட்டிக் கிடந்தது. களிசானை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். கண்கள் மூடியிருந்தன.

நான் கிட்டப் போகவில்லை. போனால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். கடைசிப் படியில் நின்று அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அது மேலே எழும்புகிறதா, கீழே போகிறதா என்று தெரியவில்லை. பிறகு அப்பா செருமினார்.

நான் பெரிதாக அழத் தொடங்கினேன். அவர் திடுக்கிட்டு எழும்பப் பார்த்தார்.

“என்ன பிள்ளை? ஆரோடை வந்தனி? அம்மாவுக்கு என்ன?”

நான் பையைத் திறந்து சொக்ஸை எடுத்தேன். அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேணிகளைப் பார்த்தார்.

“நீங்கள் போடேல்லை. ஒரு நாளும் போடேல்லை.”

“எனக்கு எட்டேல்லை பிள்ளை.”

“நான் போட்டுவிடுவன்தானே!”

“பொம்பிளைப் பிள்ளையின்ர மடியிலை அப்பா காலை வைக்கிறதோ? அம்மா வேறை. நீ... ஏலாது பிள்ளை. பாவம் வந்து சேரும்.”

எனக்குப் பாவம் புண்ணியம் ஒன்றும் விளங்கவில்லை. ரெக்ஸ்டேல்காரரைப் பற்றி விக்கி விக்கிச் சொன்னேன். கோப்பையைப் பற்றியும் சொன்னேன். “அப்பா, ப்ளீஸ், செத்துப்போகாதையுங்கோ” என்றேன். மேலே குசினிச் சத்தம் நின்றுவிட்டது. வெங்காய அண்ணை படியின் உச்சிவரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு மடியைக் காட்டினேன். கடைசியில் காலைத் தூக்கி வைத்தார். வைத்தார் என்றாலும் பாரத்தை விடவில்லை. மடியில் பட்டும் படாமலும் பிடித்திருந்தார். அதனால் கால் நடுங்கியது. “பாரத்தை விடுங்கோ. ஆட்டாதையுங்கோ” என்று நான் அம்மாவைப் போலவே ஏசினேன். அவர் பாரத்தை விட்டார். அவ்வளவு பாரமான கால் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு அப்பா, வளையாத முதுகை வளைத்து, என் தோளை விரல் நுனியால் தொட்டுத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நான் பவுடர் பூசி, குதி பார்த்து, சுருக்கு விழாமல் ஏற்றினேன். வலது காலுக்கும் அப்படியே, தோள், கண், பிறகு சொக்ஸ். அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. வீங்கிய காலில் ஏற்றியதால் நொந்திருக்கும் என்று நினைத்தேன்.

தனியாகத் தெருவைக் கடந்ததற்கு அன்று மாலை அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் ஓய்ந்தபிறகு, நானும் என் பங்குக்கு முறைப்பாடு வைத்தேன். நீங்கள் எனக்கு ஒன்றைச் சொல்லித்தர மறந்துவிட்டீர்கள், மடியில் காலை வைத்ததும் அப்பா தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் சொக்ஸைப் போட வேண்டும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

“ஓம் பிள்ளை, அதைச் சொல்ல மறந்துபோனன்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்பா எனக்காகக் கட்டிலில் காத்திருந்தார். ஒரு படி பிசகினாலும் அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயம் என்னை விடவில்லை. ஒருநாள் நித்திரைக் கலக்கத்தில் அப்பா காலை மட்டும் மடியில் வைத்துவிட்டுச் சும்மா கிடந்தார். நான் சொக்ஸைக் கையில் பிடித்தபடி, “அப்பா, தோள்” என்று ஞாபகப்படுத்தினேன்.