வீக்கம் வடிந்த கை

தாம்பரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் நான் கார்க்குக்குள் திருகிய கண்ணாடிக் குழாய் உடைந்து வலது மணிக்கட்டைக் கிழித்தது. அறுந்த நரம்பைத் தைத்த டாக்டர், "வளரும், மாசக்கணக்காகும்" என்றார். மூன்று விரல்கள் மரத்துக் கிடந்தன. கை வீங்கி வலித்தது. பொறுக்காமல் கீழ்க்கட்டளையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டேன்.

"ஸ்டீராய்டு தம்பி, ரெண்டே நாள்ல வடிஞ்சிடும் பாரு!"

வடிந்தது. சந்தோஷத்தில் பத்து நாள் விழுங்கினேன்.

பிறகுதான் நூலகத்தில் படித்தேன். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள நரம்பிழை செத்துவிடும். வெள்ளை அணுக்கள் புகுந்து அந்தக் குப்பையைத் தின்று தீர்த்தால்தான் புது இழைக்கு வழி கிடைக்கும். அந்த அணுக்களைத்தான் ஸ்டீராய்டு அடக்கிவைக்கும்.

டாக்டரிடம் ஓடினேன். "நானே கெடுத்துக்கிட்டேனா சார்?"

"படிச்ச பையன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? லேட்டாகலாம், வராமலேயும் போகலாம். தினம் தையலுக்குக் கீழே தட்டிப் பாரு. விரல்ல ஜிவ்வுன்னு ஏறினா, நரம்பு அதுவரைக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

வாரக்கணக்கில் தட்டினேன், வகுப்பில், பஸ்ஸில், சாப்பாட்டுக்கு நடுவே. கூட வரும் வகுப்புத் தோழன் சிரித்தான். "இன்னா மச்சான், தட்டிகினே கீற, உள்ள ஆளே இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை அவனிடம் நீட்டினேன். "நீ தட்டுடா. எனக்குச் சரியாத் தட்டத் தெரியலையோ என்னவோ."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகத் தட்டினான். "தெரியுதா?"

"இல்ல."

"இப்போ?"

"இன்னும் பலமா, மச்சான்."