பெரியம்மா கட்டின பூப்பொட்டலம்

ஈரத் துணியில சுத்தி வெச்ச அரளிப்பூ... பச்சையா, லேசா கசப்பா ஒரு வாசனை வரும். எங்க வூட்ல அந்த வாசனை வந்தா, ஏதோ பெரிய முடிவு எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

முடிவு எடுக்கிறது அம்மன். கேக்கிறது பெரியம்மா. அப்படித்தான் நாங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டிருந்தோம்.

பெரியம்மான்னா எங்கப்பாவோட அண்ணி. உத்திரமேரூர்ல இருந்து மானாம்பதி போற வழியில எங்க ஊரு. அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம், பதினோரு பேர், ஒரே அடுப்பு. பேருக்குத் தலைவர் பெரியப்பா. பேருக்குத்தான்.

செவ்வாய், வெள்ளியில பெரியம்மா பல்லுல பச்சத் தண்ணி படாது. தெனம் காலையில ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலப் பெருக்கித் தண்ணி தெளிச்சிட்டுத்தான் வூட்டு வாசலுக்கே வருவாங்க. நான் மாட்டின மோட்டார் ஸ்டார்ட்டர் பாக்ஸுக்குக் கூட மஞ்சள் குங்குமம் வெப்பாங்க.

"த்ரீ ஃபேஸ் பெரியம்மா, ஈரக் கையோட தொடாத"ன்னு கத்துவேன்.

"ஆத்தாவுக்குத் தெரியாத கரண்டா நைனா?"ன்னு சிரிப்பாங்க. பேஜார்.

முடிவு எடுக்கிற முறை இதுதான். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. தனித்தனியா வாழையிலைத் துண்டுல மடிச்சு, நாரால கட்டி, அம்மன் முன்னாடி போடணும். கும்பிட்டுட்டு ஒண்ண எடுக்கணும். வெள்ளை வந்தா செய்யலாம், சிவப்பு வந்தா கூடாது. எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கவே கூடாது... அப்படியே ஏரியில போட்டுடணும். அது பெரியம்மா போட்ட ரூல். ஒரு தடவ நான் பிரிக்கப் போனப்ப புறங்கையிலயே ஒண்ணு வெச்சாங்க.

"வெறும் ஃபிஃப்டி ஃபிஃப்டி. காசு சுண்டிப் போடுறதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"ன்னு கேப்பேன். மெக்கானிக்கல் படிச்ச திமிரு.

ஆனா நான் மெக்கானிக்கல் படிச்சதே வெள்ளை வந்ததாலதான். நெலத்த யாரு பாக்கிறதுன்னு பெரியப்பா குதிச்சாரு. வெள்ளை வந்துச்சு, அடங்கிட்டாரு. அவரோட பொண்ணு செல்வி அக்கா, தானா ஒரு பையனப் பாத்துட்டு வந்து நின்னப்ப அருவாளத் தேடினவரு... வெள்ளை வந்துச்சு, அவரே பந்தக்கால் நட்டாரு. அவரு பஞ்சாயத்து எலக்‌ஷன்ல நிக்க ஆசப்பட்டப்ப மட்டும் சிவப்பு. மூணு நாள் யார்கிட்டயும் பேசல மனுஷன்.

போன வருஷம் பெரியம்மாவுக்கு நெஞ்சு வலி. செங்கல்பட்டுல பாத்த டாக்டர், "ரத்தக் குழாய்ல அடைப்பு, ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னாரு.

"ஆத்தாள ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்"ன்னாங்க பெரியம்மா.

கம்பெனியில அரை நாள் பர்மிஷன் போட்டுட்டு வந்திருந்தேன். கார் வெளிய நிக்குது. கோயில்ல நின்னு, சீக்கிரம் சீக்கிரம்னு நச்சரிச்சேன்.

"அப்ப நீயே எடு."

கிட்ட இருந்தத எடுத்தேன். அவ்ளோதான். ஒரு செகண்ட் யோசிக்கக் கூட இல்ல.

சிவப்பு.

"மூணு தடவ எடுப்போம். எது ரெண்டு தடவ வருதோ அதான் ரிசல்ட்"னேன்.

"ஆத்தாகிட்டயே பேரம் பேசுறியாடா?"

கத்தினேன். திட்டினேன். செல்வி அக்கா கால்லயே வுழுந்தாங்க. பெரியம்மா அசையல. நாலாம் மாசம், ஒரு செவ்வாக்கெழம, கோயிலுக்குக் கிளம்ப மூஞ்சி கழுவிக்கினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பினப்புறம் எங்கம்மாகிட்ட பொருமினேன். "ஒரு பூவ நம்பி உயிர வுட்டிருக்காங்க பாரு."

அம்மா பாத்திரம் தேய்க்கிறத நிறுத்தல. "பூவ நம்பின பொம்பளயா அது? உன் காலேஜுக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான்டா."

எனக்குப் புரியல.

"செல்விக்கும் ரெண்டும் வெள்ள. உங்க பெரியப்பன் எலக்‌ஷனுக்கு ரெண்டும் சிவப்பு. நான்தான பக்கத்துல ஒக்காந்து நாரு கிழிச்சுக் குடுப்பேன்."

ப்ராபபிலிட்டி படிச்சவன் நான். எனக்கு வேண்டியதெல்லாம் வரிசையா வெள்ளையா வந்தப்ப சந்தேகம் வந்திருக்கணும். வரவே இல்ல.

அப்புறம்தான் உறைச்சது. "அப்ப ஆபரேஷனுக்கு? அதுக்கும் ரெண்டும் சிவப்பா? சாகணும்னேவா...?"

அம்மா இப்பதான் நிமிர்ந்தாங்க.

"இல்ல. அன்னிக்கி ஒண்ணு வெள்ள, ஒண்ணு சிவப்பு. ஒழுங்கா வெச்சுது. 'எக்கா, ரெண்டும் வெள்ளையா வையேன்'னு கையப் புடிச்சேன். 'புள்ளைங்களுக்காகப் பொய் சொன்னா ஆத்தா கோச்சுக்க மாட்டா. என் உசுருக்காகச் சொல்லிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவ வாசலப் பெருக்குவேன்?'ன்னுச்சு."

எனக்குத் தெரிஞ்சு எங்க வூட்ல நெஜமான ஃபிஃப்டி ஃபிஃப்டி அது ஒண்ணுதான். அத எடுத்தது என் கை.

"அம்மா... நான் எடுத்ததுதான..."

"நீ எடுக்கலடா. கேட்டது அது, சொன்னது ஆத்தா. போயி சாப்புடு."

மாசக்கணக்கா ஆச்சு. இன்னும் எனக்கு அந்த ஷாக் தெளியல.

அப்பல்லாம் எது தப்பாப் போனாலும் "ஆத்தா சொன்னா, செஞ்சோம்"னு வுட்டுடுவாங்க. யாரும் யாரையும் கைய நீட்டிப் பேசினதில்ல. இப்ப ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப். பத்து பேர், பதினாலு கருத்து. கடைசியில "நீதான சொன்ன"ன்னு சண்ட.

போன மாசம் பெரியப்பாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணலாமான்னு குரூப்ல கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவரே என்கிட்ட வந்து நின்னாரு. "பண்ணிக்கவாடா?"

"பண்ணிக்கோ பெரியப்பா. நான் சொல்றேன்"னேன்.

சின்ன ஆபரேஷன். பயப்பட ஒண்ணுமில்லன்னு எனக்கே தெரியும். ஆனா அவரு கட்டப் பிரிச்சு, "உன் மூஞ்சி தெரியுதுடா"ன்னு சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல.

இந்த வேலைய ஒரு பொம்பள எத்தினி வருஷம், பதினோரு பேருக்கு, சிரிச்சிக்கினே செஞ்சிருக்காங்க...