கேட்டில் நின்று ‘மருந்து’ என்றேன்

நாற்பத்தேழு வயதில், மாதாமாதம் வந்துகொண்டிருந்தது மாதம் முழுக்க வர ஆரம்பித்தது. கம்பெனி வேனில் என்னோடு வரும் பெண்களில் டாக்டர் இல்லாதவள் நான் ஒருத்திதான். உடம்புச் சூடு, கண்திருஷ்டி என்று ஆளுக்கொன்று கண்டுபிடித்தார்கள். ஆமத்தூர்க்காரி மட்டும் அசோகப்பட்டையையும் மாதுளை ஓட்டையும் கருக வறுத்து இடித்து, தாளில் மடித்துக் கொண்டுவந்து தந்தாள். கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டுமாம்.

எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டில், உள்ளே போகும்போது தீப்பெட்டியும் செல்போனும் தேடுவார்கள். வெளியே வரும்போது வெடிமருந்து. சீசனில் வீட்டில் வைத்துத் திருட்டு வெடி சுற்றுகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் வேலை போய்விடும். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் என் தூக்குவாளியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கறுப்புத் தூள்.

“என்னம்மா இது?”

“மருந்து” என்றேன். சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் கேட்டில் நின்று சொல்லும் வார்த்தையா அது? இங்கே மருந்து என்றால் வெடிக்குள் அடைப்பது.

போர்மேன் அண்ணாச்சி வந்துவிட்டார். “என்ன மருந்து? எதுக்கு?” எனக்குப் பின்னால் வேன் ஆட்கள், பாதிப் பேர் ஆண்கள். வயிற்றுவலிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வெட்கம் பறந்துவிட்டது.

“தீட்டு நிக்கல அண்ணாச்சி. அதுக்குத்தான்.”

ஆண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ தெரிந்தது. அண்ணாச்சிக்கும் தெரிந்தது. இருந்தாலும் கடமை தவறாதவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பொட்டலத்தைக் கொட்டி, காலையில் யாரிடமோ பிடுங்கிய தீப்பெட்டியால் கொளுத்திப் பார்த்தார். புகைந்தது, வெடிக்கவில்லை. “சரி, போங்க தாயி” என்று என் யோக்கியதைக்கு சர்டிபிகேட் கொடுத்தார். வேனில் வீடு வரைக்கும் அழுதேன்.

ஆமத்தூர்க்காரி இன்னொரு பொட்டலம் தந்தாள். குடித்ததில் கசப்பு மட்டும் நன்றாக வேலை செய்தது. கடைசியில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் சரியானது.

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த பிறகு ஒருநாள், அண்ணாச்சி என் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அந்த மருந்து எங்கன கிடைக்கும்? வீட்டுல கேட்டாக” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

எதுக்கு அண்ணாச்சி என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்க, வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

“எனக்கு அந்த மருந்து கேக்கல அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மதினிக்கு எம்புட்டு நாளா இருக்கு?”

ஒரு பொட்டலத்தை அத்தனை கேள்வி கேட்ட மனுஷன் சொன்னார்:

“தெரியலையே தாயி. நான் கேட்டதில்ல.”