கேரவனின் ஐந்தாவது படுக்கை

டிசம்பர் விடுமுறையின் முதல் நாள், சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஷார்ஜாவின் அல் நஹ்தாவிலிருந்து கிளம்பினோம். நான், என் கணவர், பதினோரு வயது ஆயிஷா, ஆறு வயது யூசுப், என் தம்பி காதர். பிக்கப் வண்டிக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கேரவன். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி என்றுதான் நினைப்பார்கள். இங்கே அது குளிர்காலத்தில் குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற, சக்கரம் வைத்த வீடு. உள்ளே அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிவறை, ஐந்து பேர் படுக்க இடம். வாடகை ஓர் இரவுக்கு முந்நூற்றைம்பது திர்ஹாம்.

என் கணவர் கட்டட வேலை நடக்கும் சைட்டுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். பின்னால் ஒன்றைக் கட்டி இழுப்பது அவருக்குத் தினசரி வேலை. "ஜெனரேட்டர விட இது லேசு. காத்தடிச்சாதான் கொஞ்சம் ஆடும்" என்று சொல்லிவிட்டு எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினார்.

ஐந்து படுக்கை என்பதற்காகத்தான் இந்தக் கேரவனையே எடுத்தோம். காதர் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணி ஏற்றுகிறான். கீழக்கரையில் அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் வளைகுடாவில் குடும்பத்தைத் தன்னோடு வைத்திருக்காத ஆண் எவனும் பேச்சிலர்தான். அவனுக்குப் பேரன் பேத்தி இருந்தாலும் பேச்சிலர்தான். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலிலேயே குடும்பங்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. பேச்சிலர் இரவு தங்கக் கூடாது. காதர் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை வருவான், சாப்பிடுவான், ஒன்பது மணிக்கெல்லாம் செருப்பை மாட்டிவிடுவான். நான் லீவில் ஊருக்குப் போகும்போது அவனுக்கு லீவு கிடைக்காது, அவன் போகும்போது எனக்குக் கிடைக்காது. அவன் இங்கே வந்ததிலிருந்து நானும் அவனும் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்ததே இல்லை. இந்த வருடம்தான் அவனுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. சக்கரம் வைத்த வீட்டில் யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு நாளுக்காக அவன் காலை ஐந்து மணிக்கு முன்பே, தொழிலாளர்கள் தங்கும் கேம்பை விட்டுக் கிளம்பி, இரண்டு ரயில் மாறி வந்திருந்தான். கையில் ஒரு பை. அதில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட், ஒரு தூண்டில் நைலான் கயிறு, புதிதாக வாங்கிய ஒரு போர்வை. கேரவனில் போர்வை இருக்கிறதே என்றேன். "வாடகைப் போர்வைய யாரு யாரு போத்துனாங்களோ லாத்தா" என்றான். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஷார்ஜாவிலிருந்து தைத் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அதுவரை மணல், மணல்வேலி, ஒட்டகம் குறுக்கே வரும் என்ற பலகை. ஒட்டகம் ஒன்றும் வரவில்லை. தைத்துக்குப் பிறகு மலை ஆரம்பிக்கிறது. பச்சை என்பதே இல்லாத, காய்ந்த காபிப்பொடி நிற மலை. எட்டு ஐம்பதுக்கு மசாஃபிக்கு முன்னால் சாலையோரக் கடைகளில் நிறுத்தினோம். கம்பளம், பூந்தொட்டி, பழம், பிளாஸ்டிக் வாத்து என்று எல்லாம் ஒரே கடையில் தொங்குகின்றன. ஒரு திர்ஹாமுக்குக் குடித்த கரக் டீ இப்போது இரண்டு திர்ஹாம், கோப்பை மட்டும் பாதியாகிவிட்டது. நான் அதைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒரு நிமிடம் பேசினேன். என் கணவர் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மசாஃபியிலிருந்து திப்பா முப்பத்தைந்து கிலோமீட்டர். இறக்கத்தில் கேரவன் எங்களைப் பின்னாலிருந்து தள்ளுவது போலிருந்தது. ஒரு திருப்பத்தில் சட்டென்று கடல் தெரிந்ததும் யூசுப் எழுந்து நின்று கத்தினான். காதர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். தன் பிள்ளைகளுக்குக் கடல் தினமும் வாசலில் இருக்கிறது, இவனுக்கு இது அதிசயமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான்.

பத்தே காலுக்குப் பூங்கா வாசல். பெயரைச் சொல்லி அவர்களுக்கு விளம்பரம் கொடுக்க மாட்டேன். கடலை ஒட்டி இருபது கேரவன்கள் நிற்க இடம், ஒவ்வோர் இடத்துக்கும் மின்சாரம், தண்ணீர்க் குழாய், ஒரு பேரீச்சை மரம். இடத்துக்கு ஓர் இரவு நூற்றைம்பது திர்ஹாம், முன்கூட்டியே கட்டியிருந்தோம். வாசலில் நின்ற காவலாளி பட்டுக்கோட்டைக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, ஐந்து பேரின் அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அந்த மலர்ச்சி இல்லை.

"மேடம், இவரு உங்க குடும்பத்துல வர மாட்டாராம். ஃபேமிலி ஒன்லி."

"என் கூடப் பொறந்த தம்பிங்க."

"எனக்குப் புரியுது மேடம். புருசன், பொண்டாட்டி, புள்ளைங்க. அவ்ளோதான் ரூல்ல இருக்கு."

மேனேஜர் வந்தார். முப்பது வயது இருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் கோபம் இரட்டிப்பாக வரும். இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு குழந்தைகள் என்றேன். குடும்பம் எங்கே என்றார். ஊரில் என்றேன். அப்படியானால் பேச்சிலர் என்றார். பிறகு, எங்களுக்கு உதவி செய்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்: "இவர் உங்கள் டிரைவரா? டிரைவர், வேலைக்காரர் என்றால் பிரச்சினை இல்லை."

கூடப் பிறந்தவன் வரக் கூடாது, சம்பளத்துக்கு இருப்பவன் வரலாம். அதை அந்த ஆள் சிரித்த முகத்தோடு சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் காதர் முன்னால் வந்து, "எஸ் சார். டிரைவர்" என்றான்.

எங்கள் நால்வர் கையிலும் நீலப் பட்டை கட்டினார்கள். காதர் கையில் மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டைக்காரர்கள் கேரவன் பக்கம் சாமான் தூக்க வரலாம், சமைக்கலாம். கடற்கரை நாற்காலிகளில் உட்காரக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது, அது அவர்களுக்கு. நான் வண்டியில் ஏறாமல் அங்கேயே நின்றேன். என் கணவர், "விடு. உள்ள போயிட்டா யாரு பாக்கப் போறா" என்றார். காதர் என் காதருகில் வந்து, "லாத்தா, சும்மா வாங்க. ராத்திரி கேரவன்ல படுத்தா எவன் எட்டிப் பாக்கப் போறான்" என்றான்.

சரியென்று உள்ளே போனோம். பன்னிரண்டாவது இடம். பக்கத்தில் ஒரு டில்லிக் குடும்பம், அந்தப் பக்கம் லெபனான்காரர்கள், அடுப்புக் கரி வாசனை. காதர் கேரவனின் நான்கு மூலைக்கும் கட்டை வைத்து, மின்கம்பியை இழுத்துச் செருகி, பதினைந்து நிமிடத்தில் வீடாக்கிவிட்டான். பின்புறம் ஜன்னலை ஒட்டி மேலே மடக்கி வைத்திருந்த ஐந்தாவது படுக்கையை இறக்கி, தன் போர்வையை விரித்தான். ஒரு முறை படுத்தும் பார்த்தான், கால் வெளியே நீண்டது. நான் மீன் குழம்பு வைத்தேன். அவன் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான். கேம்பில் பன்னிரண்டு பேருக்கு ஒரு அடுப்பு, முறை வைத்துச் சமைப்பது. சூடாகச் சாப்பிடுவதே அபூர்வம் என்றான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவப் போனவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் அவனைக் கடலுக்கு இழுத்தார்கள். "ப்ளீஸ் மாமா, ஒன்லி ஃபைவ் மினிட்ஸ்" என்றாள் ஆயிஷா. அவன் என் முகத்தைப் பார்த்தான். போ என்றேன். போகச் சொன்னது நான்தான், இதை ஒளிக்க வேண்டியதில்லை. பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு அவன் நைலான் கயிற்றில் இரையைக் கட்டி வீச, யூசுப் அவன் கழுத்தில் தொங்கினான். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. ஒரு சின்ன மீன்கூட மாட்டியது.

நாலே காலுக்கு அந்த மேனேஜர் மணலில் நடந்து வந்தார். யாரோ புகார் செய்திருக்கிறார்கள்: குடும்பங்கள் இருக்கிற இடத்தில் ஒரு டிரைவர். யார் என்று அவர் சொல்லவில்லை. காதர் உடனே கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். "சாரி சார், போறேன் சார்." யூசுப்பை இறக்கிவிட்டு, "உம்மாட்டப் போ" என்றான். பிள்ளை அழுதான். ஆயிஷா மேனேஜரிடம், "ஹீ இஸ் நாட் எ டிரைவர். ஹீ இஸ் மை மாமா" என்றாள்.

பிள்ளை உளறுகிறாள் என்று சமாளித்திருக்கலாம். காதரும் அப்படித்தான் என்னைக் கெஞ்சுவது போல் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமாம், என் தம்பிதான். அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. லைசென்ஸே கிடையாது. உங்கள் சட்டத்துக்குப் பொய் பிடிக்கிறது, அதனால் பொய் சொன்னோம்" என்று அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். டில்லிக் குடும்பம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தது. மேனேஜர் மரியாதை குறையாமலே, பொய் விவரம் கொடுத்து நுழைந்ததற்காக அரை மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்யும்படி சொன்னார். கட்டிய பணமும் திரும்ப வராது. "கலாஸ், மேடம்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். பட்டுக்கோட்டைக்காரர் எங்கள் பட்டைகளைக் கத்தரித்தார். காதருடையதைக் கடைசியாகக் கத்தரிக்கும்போது, "நானும் எட்டு வருசமா இங்க இருக்கேன் தம்பி. ட்யூட்டி முடிஞ்சா எனக்கும் அந்தக் கடல்ல எறங்க அனுமதி இல்ல" என்றார்.

மலை ஏறும்வரை வண்டியில் நான் மட்டுமே பேசினேன். பூங்கா, மேனேஜர், புகார் சொன்ன பெயர் தெரியாத குடும்பம், யாரையும் விடவில்லை. மசாஃபி தாண்டியதும் காதர் சொன்னான்: "லாத்தா, நான் டிரைவராவே இருந்திருப்பேன். ரெண்டு நாளு அந்தக் கொட்டகையில ஒக்காந்திருந்தா எனக்கு என்ன கொறஞ்சு போகும்? ராத்திரி வந்து புள்ளைங்களோட படுத்திருப்பேன். காலையில உங்க கையால டீ குடிச்சிருப்பேன். அதுக்குத்தான் வந்தேன். ஒங்க கோவத்துக்கு வரல."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். நான் வழியில் எங்காவது ஓரமாக நிறுத்திக் கேரவனில் படுக்கலாம் என்றேன். அனுமதியில்லாத இடத்தில் நிறுத்தினால் அபராதம் என்றார் என் கணவர். கேம்ப் வாசலில் நிறுத்தலாம் என்றேன். "கேம்புக்குள்ள லேடீஸ் மாஃபி, பொம்பளைங்க வரவே கூடாது. வாசல்லயும் நிக்க விட மாட்டான்" என்றான் காதர். பிறகு என் கணவர் சாலையைப் பார்த்தபடியே, "பூங்காக்காரன மட்டும் ஏன் திட்டுற? நம்ம பில்டிங் மூணாவது மாடியில பேச்சிலருங்க இருக்காங்க, காலி பண்ணுங்கன்னு போன வருசம் எல்லாரும் சேந்து ஓனருக்கு எழுதிக் கொடுத்தாங்கள்ல, அதுல நீயும் நானும் கையெழுத்துப் போட்டோம்" என்றார்.

அது உண்மை. அந்த மூன்றாவது மாடிப் பையன்கள் எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. லிஃப்டில் என்னைப் பார்த்தால் ஏறாமல் நின்றுவிடுவார்கள். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

ஏழு மணிக்கு அல் நஹ்தா வந்தது. காதர் வழக்கம்போல மெட்ரோவில் இறக்கிவிடச் சொன்னான். நான் என் கணவரிடம் நேராக வீட்டுக்கே ஓட்டச் சொன்னேன். என் கணவர் எங்களை இறக்கிவிட்டு, கேரவனை நிறுத்த யார்டுக்குப் போனார். காதர் பையோடு வாசல்படியிலேயே நின்றான். நான் அவன் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். வாட்ச்மேன் பங்களாதேஷ்காரர், பெரியவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம் அத்தனையையும் இந்தியில் அவர் மேல் கொட்டினேன். இவன் என் தம்பி, இன்றும் நாளையும் என் வீட்டில்தான் படுப்பான், ஓனரிடம் சொல்வதானால் சொல், போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடு, நானும் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு காதரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை தோறும் வருகிற தம்பிதானே, தெரியுமே என்றார். ரெஜிஸ்டரைத் திருப்பி, பேனாவை என் பக்கம் நீட்டினார். சொந்தத் தம்பி, இரண்டு நாள், உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஓனரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் மேடம்" என்றார். "ஏழு வருஷமாக இவர் ஒன்பது மணிக்கு இறங்கிப் போவதைப் பார்க்கிறேன். நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."