கொடுவா பிடிக்கப் போன டீச்சரின் தம்பி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் முதலாண்டுப் படையலுக்கு அவருக்குப் பிடித்த கொடுவா மீனை நானே பிடித்து வருவேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியவன் நான். அதுவரை என் தூண்டிலில் மாட்டிய மிகப் பெரிய உயிர் என் கட்டைவிரல்தான். நீங்கள் எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினீர்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது எனக்கும் தெரியும்.

மாடம்பாக்கத்தில் பிறந்த அக்கா, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவை இழந்தார். பகலில் குரோம்பேட்டையில் வேலை, மாலையில் அஞ்சல்வழிப் படிப்பு. என்னையும் படிக்கவைத்து, தானும் கணக்கு டீச்சரானார். சேலையூர்ப் பக்கம் இன்றும் நான் “டீச்சரோட தம்பி”தான். அதைவிடப் பெரிய பட்டம் வாங்க முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

தூண்டில் அவர் கைக்கு வந்தது அவருடைய கணவரால். எங்கள் மாமா ஆசையாக ஒரு கோலும் ரீலும் வாங்கி, சீக்கிரமே அலுத்துப் பரணில் போட்டார். அக்கா அதை இறக்கி, ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் முட்டுக்காட்டுக்குக் கிளம்பினார். பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்தவர்கள், பிறகு அவர் எங்கே வீசுகிறார் என்று பார்த்து வீசினார்கள்.

சித்திரை, வைகாசியில் கடல் தெளிந்திருக்கும். அப்போது மெல்லிய தூண்டில் நரம்பு, இரைக்குப் பளபளக்கும் போலி மீன். வெயில் ஏறுவதற்குள் பாறை மீனும் சீலா மீனும் எடுப்பார். ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. மழையில் முகத்துவாரத்தை அடைத்த மணல் உடைத்துக்கொள்ளும், தண்ணீர் கலங்கிவிடும். அலை வடியும் வற்றத்தில் காயல் நீர் கடலுக்கு இறங்கும்போது இறாலும் மடவைக் குஞ்சும் கூடவே வரும். “ஸ்கூல் விடற நேரம்டா. கொடுவா கேட்டுலயே நிக்கும்” என்பார்.

ஒருமுறை நான் தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்று, முழு பலத்தோடு வீசினேன்.

“டேய், எங்க வீசற? அந்தமானுக்கா?”

“தூரத்துலதானேக்கா பெரிசு இருக்கும்?”

“கரையோரப் பள்ளத்துலதான் இருக்கும். அங்க நீ நிக்கற. நீ வெளிய வந்தா அது உள்ள வரும்.”

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு முழத்துக்குக் குறைந்த கொடுவாவை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். கையை நீட்டி அளந்து, “இது எல்கேஜி” என்று தண்ணீரில் விட்டுவிடுவார். வெறுங்கையோடு திரும்பிய ஞாயிறுகளிலும் அந்தச் சட்டம் வளைந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் கேட்டார்: “முகத்துவாரம் தொறந்துடுச்சா?”

“தொறந்துடுச்சுக்கா. மீனெல்லாம் உன்னைத்தான் கேக்குதுங்க.”

“என்னை ஏன் கேக்குது? உன்னைக் கேட்டிருக்கும். நீ வந்தா அதுங்களுக்கு லீவு.”

அந்த வாரமே விடைபெற்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு அனுப்பிய தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் வந்த அவருடைய பழைய மாணவர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. முகத்துவாரம் திறந்த சேதியை இந்த ஆண்டும் மறக்காமல் எனக்குச் சொன்ன முட்டுக்காட்டு மீனவர்களுக்குத் தனி நன்றி.

அந்தச் சேதியை நம்பித்தான் போன ஞாயிறு போனேன். வற்றம் இறங்கத் தொடங்கியிருந்தது. கால் நனையாமல் மணலில் நின்று, இறாலைக் கோத்து, காலடிப் பள்ளத்தை ஒட்டியே போட்டேன். கோல் வளைந்தது. வெள்ளியாகத் துள்ளித் தலையை உதறியது கொடுவா. கரைக்கு இழுத்ததும் கையை நீட்டி அளந்தேன். நாலு விரல் குறைந்தது. விரல்களை மடக்கி அளந்தேன், கச்சிதமாக இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. படையல் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் மடக்கிய விரல்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. டீச்சர் வீட்டில் அளவு தெரியாதவன் என்ற பெயர் மட்டும் எனக்கு வேண்டாம். தண்ணீரில் விட்டேன். பிறகு வேறெதுவும் கடிக்கவில்லை.

வீட்டில் மாமா ஃப்ரீசரைக் காலி செய்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“மாட்டுச்சா?”

“மாட்டுச்சு மாமா. எல்கேஜி. அனுப்பிட்டேன்.”

மாமா அக்காவின் படத்தை ஒருமுறை பார்த்தார். ஃப்ரீசரைச் சாத்தினார்.

“அப்போ சாம்பார்.”